பட்டும் கடல்பாசியும் கலந்து ஸ்கஃபோல்டு: கால்சியத்தை எப்ப உள்ள விடணும்

பட்டுக்கூட்டுலேர்ந்து எடுக்குற ஃபைப்ராயின் புரதத்தையும் கடல்பாசியிலேர்ந்து எடுக்குற ஆல்ஜினேட்டையும் கலந்து, செல் ஒட்டி வளர்றதுக்கு ஏத்த மாதிரி ஓட்டை ஓட்டையான ஸ்கஃபோல்டு, அதாவது செல்லுக்கு சாரம் மாதிரி நிக்கிற பொருள், பண்ற வேலைய கொஞ்ச காலமா செஞ்சிட்டு இருக்கேன். இத எழுதி வெக்கணும்னு தோணுனதுக்கு காரணம் ஒண்ணே ஒண்ணுதான், கால்சியம். பட்டைக் கரைக்க கால்சியம் குளோரைடு வேணும், ஆல்ஜினேட்டை இறுக்கவும் கால்சியம் வேணும், ஆனா இது ரெண்டுக்கும் நடுவுல, அதாவது ரெண்டு கரைசலையும் சேத்து கலக்குற அந்த நேரத்துல, கால்சியம் இருக்கவே கூடாது. அளவும் நேரமும் எல்லா செய்முறையிலயும் கெடைக்கும், இந்த ஒரு சமாச்சாரம் முதல் படியிலேர்ந்து கடைசி படி வரைக்கும் கூடவே வர்றத மனசுல வெச்சுக்கிட்டா பாதி தலைவலி கொறஞ்சிரும்.

பட்டுலேர்ந்து ஆரம்பிக்கிறேன். எங்க வீடு கும்பகோணம் பக்கத்துல திருபுவனம், தெருவுல எந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சாலும் தறி இருக்கும், அதனால பட்டு நூல் கழிவுக்கு பஞ்சமே இல்ல. ஆனா அந்தக் கழிவுல பாதிக்கு மேல சாயம் ஏறினது, அது நமக்கு ஆகாது, சாயமும் அதோட சேத்து போட்ட துணைப்பொருளும் புரதத்தோட ஒட்டிக்கிட்டு கடைசி வரைக்கும் வரும். சாயம் ஏறாத கோரா நூல் கெடைச்சா நல்லது, அதுலயும் முறுக்குறப்ப எண்ணெய் பட்டிருக்கலாம். அதனால நான் பட்டுக்கூடாவே வாங்கிக்கிறேன், தர்மபுரி பக்கத்துலேர்ந்து வர்ற கூடு. பட்டுப்பூச்சி ஓட்டை போட்டு வெளிய வந்துட்ட கூடு இருக்கு பாருங்க, அது நூல் எடுக்குறவங்களுக்கு பிரயோஜனம் இல்ல, இழை அறுந்து அறுந்து வரும், ஆனா கரைக்கப்போற நமக்கு இழை நீளமா இருந்தா என்ன அறுந்து இருந்தா என்ன, வெலையும் கம்மி. கத்திரியால நாலா வெட்டி உள்ள இருக்குற கூட்டுப்புழு தோலு, கரும்பொட்டு எல்லாம் பொறுமையா பாத்து எடுத்துரணும், அது உள்ள போனா கரைசல் பழுப்பாயிரும்.

கூட்டோட எடையில சுமார் 70லேர்ந்து 75 சதவீதம்தான் ஃபைப்ராயின், மிச்சத்துல பெரும்பகுதி செரிசின்ங்குற பசை. இந்தப் பசை முழுசா போகணும், ஏன்னா பட்டும் செரிசினும் சேந்து உடம்புக்குள்ள இருந்தா ஒவ்வாமை வரும்னு பட்டு தையல் நூல் காலத்துலேர்ந்தே தெரியும். லேப் செய்முறையில, டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்து டேவிட் கப்லான் குழு 2011ல வெளியிட்டதுதான் எல்லாரும் பாத்து செய்றது, 5 கிராம் கூட்டுக்கு 2 லிட்டர் கொதிக்கிற தண்ணி, அதுல 4.24 கிராம் சோடியம் கார்பனேட், 30 நிமிஷம். இங்க ஒரு விஷயம் கவனிக்கணும், அந்த 4.24 கிராம்ங்குறது தண்ணி சேராத பொடிக்கு. கட்டி கட்டியா கண்ணாடி கணக்கா வர்ற சலவை சோடாவுல ஒரு மூலக்கூறுக்கு பத்து தண்ணி மூலக்கூறு ஒட்டியிருக்கு, அதுல எடுத்தா சுமார் 11.4 கிராம் வேணும். அதுவும் நம்ம ஊரு வெயிலுக்கு அந்தக் கட்டி காஞ்சு மேல மாவா உதிர ஆரம்பிச்சிரும், அப்ப அதுல எவ்வளவு தண்ணி மிச்சம் இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது, அதனால பொடியே வாங்கிக்கங்க.

எங்க பெரியப்பா சாயப்பட்டறை வெச்சிருந்தவரு, இப்ப வயசாயிருச்சு, ஆனா நான் அடுப்புல வெக்கிறப்ப வந்து ஸ்டூல் போட்டு உக்காந்துருவாரு. "கண்ணு, சோடா ஏறுனா பட்டு வெந்து போயிரும், அளவோட நிறுத்து. ஒரு இழைய எடுத்து ரெண்டு விரலால உருவிப் பாரு, வழவழன்னு இருந்தா பசை இன்னும் இருக்கு, கையில புடிச்சுக்கிட்டு கிறீச்சுன்னு வந்தா போயிருச்சு" அப்டின்னாரு. அவரு சொல்றது அப்டியே சரி. 30 நிமிஷத்த தாண்டி ஒரு மணி நேரம் கொதிக்க விட்டா பசை போறதோட நிக்காது, ஃபைப்ராயினோட நீள சங்கிலியும் இன்னும் ஜாஸ்தியா துண்டு துண்டா அறுபட்டுரும். முழுசா இருக்கறப்ப அதோட பெரிய சங்கிலி மட்டும் 390 கிலோடால்டன் (மூலக்கூறோட எடைய சொல்ற அளவு) இருக்கும், சின்னது 26 கிலோடால்டன். சங்கிலி அறுந்த பட்டுல ஸ்கஃபோல்டு பண்ணா காஞ்சதும் நொறுங்கும். பெரியப்பாவுக்கு கிலோடால்டன் எல்லாம் வேண்டாம், விரல்லயே தெரியுது அவருக்கு. நான் விரலோட சேத்து தராசும் வெச்சுக்கிறேன், காய வெச்சு எடை போட்டா கால்வாசிக்கு மேல கொறஞ்சிருக்கணும்.

அவரு சொன்ன இன்னொண்ணும் முக்கியம். ஆத்துல தண்ணி வந்த காலத்துல பட்டு அவிச்சா பளபளப்பா வரும், போர் தண்ணியில அவிச்சா வெள்ளையா ஏதோ படியும்னாரு. அந்த வெள்ளைதான் கால்சியம். கடினத்தண்ணியில இருக்குற கால்சியம் சோடாவோட சேந்து கால்சியம் கார்பனேட்டா இழை மேல உக்காருது. துணிக்கு சாயம் போடுறவங்களுக்கு அது பளபளப்பு பிரச்சனை, நமக்கு அதுவே பின்னாடி ஆல்ஜினேட் பிரச்சனையா வரும். டெல்டாவுல கடலோரம் போகப் போக போர் தண்ணி உப்பாவும் கடினமாவும் இருக்குறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதனால முதல் கொதியிலேர்ந்தே ஆர்ஓ தண்ணிதான் எடுக்குறேன்.

அடுத்து கரைக்கிறது. ஃபைப்ராயின் சும்மா தண்ணியில கரையாது, அதுல கிளைசின், அலனின்ங்குற அமினோ அமிலங்கள் மாறி மாறி வர்ற பகுதிகள் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி பீட்டா ஷீட்டா இறுகிப் போயிருக்கும். அந்த இறுக்கத்த உடைக்க லித்தியம் புரோமைடுதான் பேர் போனது, 9.3 மோலார், 60 டிகிரி, 4 மணி நேரம். ஒரு லிட்டருக்கு 800 கிராமுக்கு மேல உப்பு வேணும், அந்த உப்போட வெலைய பாத்தா சின்ன காலேஜ் லேப்ல நெனச்சுப் பாக்க முடியாது. இதுக்கு மாத்து அஜிசாவா கரைசல்னு சொல்றது, கால்சியம் குளோரைடு, எத்தனால், தண்ணி, மோல் கணக்குல, அதாவது மூலக்கூறு எண்ணிக்கையில, 1க்கு 2க்கு 8. சின்ன பேட்ச்சுக்கு கால்சியம் குளோரைடு 11.1 கிராம், எத்தனால் 9.2 கிராம் அதாவது 11.7 மில்லி, தண்ணி 14.4 கிராம். உங்ககிட்ட இருக்குறது டைஹைட்ரேட்டா இருந்தா அத 14.7 கிராம் எடுத்து தண்ணிய 10.8 கிராமா கொறச்சிருங்க, ரெண்டு மூலக்கூறு தண்ணி அதுலயே வருது. முதல்ல தண்ணியில உப்ப கொஞ்சம் கொஞ்சமா போடணும், தண்ணி சேராத உப்பு கரையறப்ப நல்லா சுடும், அது ஆறுனதுக்கு அப்பறம்தான் எத்தனால், அப்டியே சூட்டோட ஊத்துனா ஆவியாயி பறக்கும், பக்கத்துல தீ இருந்தா ஆபத்து. இதுல ரெண்டரை கிராம் பசை போன பட்ட அமுக்கி, மூடி போட்டு, 75 டிகிரி வாட்டர் பாத்ல வெச்சா, நார் எல்லாம் மறைஞ்சு தேன் கலர்ல கெட்டியா வரும். முழுசா கரையணும்னு ராத்திரி முழுக்க விட வேண்டாம், இந்தச் சூட்டுல நேரம் ஏற ஏற இங்கயும் சங்கிலி அறுபடும்.

இப்ப கையில இருக்குறது பட்டு கரைஞ்ச ஒரு கால்சியம் குளோரைடு பாயசம்னே வெச்சுக்கங்க, இதுலேர்ந்து அந்தக் கால்சியத்த வெளியேத்துறதுதான் மொத்த வேலையிலயும் பெரிய வேலை. டயலிசிஸ் குழாய்ங்குறது உப்ப வெளிய விட்டு பெரிய புரதத்த உள்ளயே நிறுத்துற சவ்வு, 12லேர்ந்து 14 கிலோடால்டன் அளவுள்ளது சாதாரணமா கெடைக்கும், அதுல போட்டு ரெண்டு பக்கமும் கட்டி தண்ணியில தொங்க விடணும். பைய முக்கா அளவுக்கு மேல நிரப்பாதீங்க, உள்ள உப்பு ஜாஸ்தி இருக்கறதால தண்ணி உள்ள ஏறி ஊதும், எடம் இல்லன்னா கிழிஞ்சிரும். முதல் நாள் ஆர்ஓ தண்ணியே போதும், அடிக்கடி மாத்தணும், அப்பறம் பெட்ரோல் பங்க்ல கெடைக்கிற, உப்பு நீக்குன பேட்டரி தண்ணிக்கு மாறிக்கிறேன். ஆர்ஓ மிஷின்ல டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்குற உப்போட அளவு) அட்ஜஸ்டர்னு ஒண்ணு வெச்சு ருசிக்காக கொஞ்சம் பழைய தண்ணியையும் கலந்து விடுவாங்க, அந்த மாதிரி மிஷின் தண்ணியில கடைசி வரைக்கும் டயலிசிஸ் பண்ணா கால்சியம் ஒரு அளவுக்கு கீழ எறங்கவே எறங்காது. முடிஞ்சா ஃபிரிட்ஜுக்குள்ளயே வெச்சு பண்ணுங்க, அக்னி நட்சத்திர வெயில்ல வெளிய வெச்சா டயலிசிஸ் முடியறதுக்குள்ள ஃபைப்ராயின் தானா கட்டிக்கும், இல்ல நாத்தம் புடிச்சிரும்.

முடிஞ்சிருச்சான்னு எப்டி தெரிஞ்சுக்கறது? வெளித்தண்ணியில டிடிஎஸ் பேனாவ விட்டுப் பாத்து நம்பர் எறங்குனதும் முடிஞ்சதுன்னு நிறைய பேர் எடுத்துர்றாங்க. எங்க லேப்ல ஜூனியர் பொண்ணு ஒண்ணு அப்டித்தான் எடுத்துட்டு வந்து கலக்கிட்டு, "அக்கா, ஆல்ஜினேட்ட ஊத்துன உடனேயே திரி திரியா கட்டிக்குதுக்கா, ஆல்ஜினேட் பாக்கெட்டு சரியில்லயோ"ன்னு கேட்டுச்சு. பாக்கெட்டு நல்லாத்தான் இருந்துச்சு. வெளித்தண்ணி சுத்தமா இருந்தா பைக்குள்ளயும் சுத்தம்னு அர்த்தம் இல்ல, ஃபைப்ராயின்ல இருக்குற அமிலக் குழுக்கள் கொஞ்சம் கால்சியத்த இழுத்து வெச்சுக்கும், அது மெதுவாத்தான் விடும். அதனால நான் டெஸ்ட்ட பைக்குள்ள இருக்குற கரைசல்லயே பண்றேன். ஒரு வாட்ச் கிளாஸ்ல கொஞ்சம் ஃபைப்ராயின் எடுத்து அதுல 2 சதவீத சோடியம் ஆல்ஜினேட் ஒரு சொட்டு விடணும். சொட்டு மெல்ல பரவி கரைஞ்சு போனா சரி, ஓரத்துல தோல் மாதிரி கட்டி, ஊசியால தொட்டா அப்டியே நகந்தா இன்னும் கால்சியம் இருக்கு, பைய திரும்ப கட்டி தண்ணியில போடு. இன்னும் நுணுக்கமா வேணும்னா அம்மோனியம் ஆக்சலேட் சொட்டு விட்டு வெள்ளையா கலங்குதான்னு பாக்கலாம், ஆனா ஆக்சலேட் விஷம், டெஸ்ட் பண்ண துளிய திரும்ப உள்ள ஊத்தக் கூடாது. நமக்கு வேண்டிய கேள்விக்கு ஆல்ஜினேட் சொட்டே நேரடி பதில் சொல்லிரும், கலக்கப் போறதே அதோடத்தானே.

பிடிவாதமா மிச்சம் இருந்தா நடுவுல ஒரு தடவை தண்ணியில கொஞ்சம் ட்ரைசோடியம் சிட்ரேட் போடுறேன், அது கால்சியத்த புடிச்சுக்கிட்டு வெளிய வந்துரும். ஆரம்பத்துலயே போட்டா அவ்வளவு கால்சியத்தோட சேந்து வெள்ளையா படியும், பெரும்பகுதி போனதுக்கு அப்பறம் போடணும். அதுக்கு அப்பறம் அந்த சிட்ரேட்டையும் முழுசா வெளியேத்தணும், இல்லன்னா கடைசியில நாம வேணும்னு விடுற கால்சியத்தையும் அதே புடிச்சு வெச்சுக்கும், ஸ்கஃபோல்டு இறுகாது.

டயலிசிஸ் முடிஞ்சதும் 4 டிகிரியில சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி கசடு எடுத்துட்டு, 1 மில்லிய எடை தெரிஞ்ச கிண்ணத்துல 60 டிகிரியில காய வெச்சு மிச்ச எடைய பாத்தா எத்தன சதவீதம்னு வந்துரும். வேகமா கலக்கறது, குலுக்கறது, சிரிஞ்சுல அழுத்தி இழுக்கறது எதுவும் வேண்டாம், ஃபைப்ராயினுக்கு இழுவை பட்டா அதுவே பீட்டா ஷீட்டா மாறி கட்டிக்கும், பட்டுப்புழு நூல் நூக்குறதே அந்த இழுவையிலதான். ஃபிரிட்ஜுல வெச்சாலும் நாள் ஆக ஆக கட்டும், அதனால ஆல்ஜினேட் தயாரா இருந்தாத்தான் நான் டயலிசிஸ ஆரம்பிக்கிறதே.

ஆல்ஜினேட் பக்கம் வருவோம். நம்ம கடல்ல பாசிக்கு கொறச்சல் இல்ல. மன்னார் வளைகுடா, பாக் நீரிணை பக்கம் பாசி எடுக்குற அம்மாக்கள் ஒவ்வொண்ணுக்கும் பேரு வெச்சிருக்காங்க, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி. இதுல முதல் ரெண்டும் சிவப்புப் பாசி, அகர் குடுக்கும், பின்ன ரெண்டும் பழுப்புப் பாசி, சர்காசமும் டர்பினேரியாவும், ஆல்ஜினேட் குடுக்குறது இதுதான். மூங்கில் மெதப்பு கட்டி வளக்குற பெப்சி பாசி, அதாவது கப்பாஃபைகஸ், தஞ்சாவூர் மாவட்டக் கடலோரத்துலயும் பண்ணியிருக்காங்க, அதுலேர்ந்து வர்றது காரஜீனன். பக்கத்துலயே கெடைக்கிறத விட்டுட்டு ஏன் கட்டக்கோரைய தேடிப் போறன்னு கேட்டா, சூடுதான் காரணம். அகரும் கப்பா காரஜீனனும் சூடா இருந்தாத்தான் கரைசலா இருக்கும், ஆறுனா கட்டும், அந்தச் சூட்டுல ஃபைப்ராயின கலந்தா பட்டு அவசரப்பட்டு கட்ட ஆரம்பிக்கும். ஆல்ஜினேட் மட்டும்தான் பச்சத்தண்ணியிலயே கரைஞ்சு, சூடு இல்லாம, கால்சியத்துக்கு மட்டும் இறுகுது. எப்ப இறுகணும்ங்குறத நம்ம கையில குடுத்துருது.

எப்டி இறுகுதுன்னா, ஆல்ஜினேட் சங்கிலியில மன்னூரோனேட், குலூரோனேட்னு ரெண்டு சர்க்கரை அமிலம் இருக்கு. குலூரோனேட் தொடர்ந்து வர்ற பகுதி வளைஞ்சு வளைஞ்சு குழி குழியா அமையும், அந்த மாதிரி ரெண்டு சங்கிலி எதிரெதிரா வந்து நிக்கிறப்ப குழிக்குள்ள கால்சியம் உக்காந்துக்கும், பல்லாங்குழி பலகைய மடிச்சு மூடுனா உள்ள சோழி மாட்டிக்கிற மாதிரி. குலூரோனேட் ஜாஸ்தியா இருக்குற ஆல்ஜினேட் விறைப்பா கட்டும், மன்னூரோனேட் ஜாஸ்தின்னா தொளதொளன்னு இருக்கும்.

காஞ்ச கட்டக்கோரைய மண்டபம் பக்கத்துலேர்ந்து வாங்கி நானே எடுத்துப் பாத்தேன். பாசியோட செல் சுவர்ல ஆல்ஜினேட் கால்சியம், மக்னீசியம் உப்பாத்தான் கரையாம உக்காந்திருக்கு, அதனால இங்கயும் முதல் வேலை கால்சியத்த வெரட்டுறதுதான். உப்பும் மணலும் போக அலசி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல ஊற வெச்சா கால்சியம் கரைஞ்சு போயி ஆல்ஜினிக் அமிலமா மாறும், அப்பறம் 2, 3 சதவீத சோடியம் கார்பனேட்ல 60 டிகிரியில ரெண்டு மணி நேரம் வெச்சா சோடியம் ஆல்ஜினேட்டா கரைஞ்சு கொழகொழன்னு வரும். பட்டுப் பசைய எடுத்த அதே சோடா டப்பாதான். வடிகட்டுறதுதான் கஷ்டம், துணியில ஒரு மணி நேரம் தொங்க விட்டாலும் சொட்டு சொட்டாத்தான் எறங்கும், தண்ணி விட்டு நல்லா நீர்க்கணும். கடைசியில எத்தனால் ஊத்துனா நார் நாரா மெதந்து வரும். கலர் பழுப்பு, பாசியில இருக்குற பாலிஃபீனால் அது. செல் வளக்குற வேலைக்கு அது வேண்டாம்னு அதுக்கு மட்டும் சுத்தம் பண்ணி வர்ற லேப் ஆல்ஜினேட்ட வாங்கிக்கிறேன், நாம எடுத்தத முறை பழகவும் அழுத்திப் பாக்கவும் வெச்சிருக்கேன், பழகுறதுக்கு அது தாராளமா போதும்.

கலக்கறது. ஆல்ஜினேட் 2 சதவீதம், பேட்டரி தண்ணியில முதல் நாள் ராத்திரியே தூவி ஊற வெச்சா காலையில கட்டி இல்லாம இருக்கும். 4 சதவீத ஃபைப்ராயின் 10 மில்லியில 0.4 கிராம் பட்டு, 2 சதவீத ஆல்ஜினேட் 20 மில்லியில 0.4 கிராம், சேத்தா சரி பாதி கலவை, மொத்தத்துல 2.7 சதவீதம் பக்கம் வருது. ஃபைப்ராயின ஆல்ஜினேட் மேல ஓரமா ஊத்தி கண்ணாடிக் குச்சியால மெதுவா சுத்தி விடணும். பிஎச் 7 கிட்ட இருக்கணும், 4 பக்கம் எறங்குனா ஃபைப்ராயினுக்கு மின்சுமை இல்லாம போயி திரண்டுக்கும், இன்னும் எறங்குனா ஆல்ஜினேட்டும் அமிலமா மாறி கட்டிக்கும். சோடா போட்டு நாமளே எடுத்த ஆல்ஜினேட் காரமா இருக்கும், அதையும் பாத்துக்கங்க. கலந்து ரொம்ப நேரம் வெச்சிருக்கவும் கூடாது, பிஎச் 7ல ரெண்டுக்குமே எதிர்மின்சுமை, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, வெச்சா மெல்ல பிரிஞ்சு மேல கீழன்னு ஆயிரும். கலந்தா உடனே அச்சுல ஊத்தி உறைய வெச்சிரணும், உறைஞ்சாத்தான் அந்தக் கலப்பு அப்டியே நிக்கும்.

உறைய வெக்கிற வேகம்தான் ஓட்டையோட அளவு. மெதுவா உறைஞ்சா ஐஸ் பெருசு பெருசா வளரும், ஐஸ் இருந்த எடம்தான் பின்னாடி ஓட்டை. திரவ நைட்ரஜன்ல போட்டா பொடி ஓட்டை, செல் உள்ள நுழையாது, மைனஸ் 20 ஃப்ரீசர் நமக்கு நல்லா ஒத்து வருது. பிளாஸ்டிக் அச்சுக்கு அடியில ஒரு அலுமினிய தகட்டை வெச்சா குளிர் கீழேர்ந்து ஏறும், ஓட்டையும் நெட்டுக்குத்தா வரிசையா வரும்.

உறைஞ்ச ஐஸ உருகாமலே ஆவியாக்கி காய வெக்கிற ஃப்ரீஸ் டிரையர் எங்ககிட்ட கெடையாது, தஞ்சாவூர்ல ஒரு எடத்துல கேட்டு வாங்கிப் போட்டுக்கணும். உறைஞ்சத உருகாம கும்பகோணத்துலேர்ந்து பஸ்ல கொண்டு போறது ஒரு பெரிய காரியம், நடுவுல லேசா உருகுனாக்கூட ஓட்டை எல்லாம் அமுங்கி மேல் தோல் தடிச்சிரும். மீன் மார்க்கெட்ல ஒடச்ச ஐஸ் வாங்கி, மூணு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு வேதாரண்யம் கல்லுப்பு கலந்து தெர்மோகோல் பெட்டியில போட்டா மைனஸ் 15க்கு கீழ தாராளமா போகும், உப்பும் ஐஸும் சேந்தா மைனஸ் 21 வரைக்கும் எறங்கக் கூடியது. சாம்பிள் தட்ட ரெண்டு கவர்ல காத்து புகாம கட்டணும், உப்புத்தண்ணி உள்ள போனா சோடியம் ஏறிரும். கண்டக்டர் அண்ணன் "என்னம்மா, மீனா?"ன்னு கேப்பாரு, பட்டுன்னு சொன்னா புரியாம பாப்பாரு, ஆனா பெட்டிய காலுக்கடியில வெக்க எடம் விட்டுருவாரு.

டிரையர் கெடைக்காத நேரத்துக்கு இன்னொரு வழி இருக்கு. உறைஞ்ச துண்ட அப்டியே எடுத்து, முன்னாடியே ஃப்ரீசர்ல குளுர வெச்ச கால்சியம் குளோரைடு கலந்த 80 சதவீத எத்தனால்ல போட்டு மைனஸ் 20லயே வெச்சிரலாம். ஐஸ் மெல்ல கரைஞ்சு எத்தனால் உள்ள போகும், போகப் போகவே ரெண்டும் இறுகிரும். ஆனா வீட்டு ஃபிரிட்ஜுல எத்தனால் வெக்கவே வெக்காதீங்க, உள்ள ஸ்விட்ச்சு பொறி போதும் ஆவி பத்திக்க, அதுக்குன்னு இருக்குற லேப் ஃப்ரீசர்லதான் பண்ணணும்.

டிரையர்லேர்ந்து வர்ற துண்டு வெள்ளையா, எடையே இல்லாம, பாக்க அவ்வளவு அழகா இருக்கும், ஆனா தண்ணி பட்டா அடுத்த நிமிஷம் கொழஞ்சிரும். இப்பத்தான் கால்சியம் வரணும். 80 சதவீத எத்தனால்ல 2 சதவீதம் கால்சியம் குளோரைட கரைச்சு, நல்லவேளையா அது எத்தனால்லயும் கரையும், அதுல துண்ட முக்கி வெக்கிறேன். ஒரே குளியல்ல ரெண்டு வேலை நடக்குது, எத்தனால் பட்ட பீட்டா ஷீட்டா மாத்துது, கால்சியம் ஆல்ஜினேட்ட பூட்டுது. முழு எத்தனால் எடுத்தா பட்டு சங்கிலி அசைய தண்ணி இல்லாம மாறுறது மந்தமாகும், தண்ணிய ஜாஸ்தியாக்குனா இறுகறதுக்கு முன்னாடியே ஆல்ஜினேட் கரைஞ்சு ஓட்டை அமுங்கும், அதனால 70, 80லயே நிக்கிறேன்.

பட்டு மாறுச்சான்னு பாக்க எஃப்டிஐஆர், அதாவது பொருள் எந்த அகச்சிவப்பு ஒளிய உறிஞ்சுதுன்னு காட்டுற அளவீடு, எடுத்தோம். பட்டுக்கு மட்டும் எடுத்தா அமைடு ஒண்ணுங்குற புரத முகடு 1640, 1650 பக்கத்துலேர்ந்து 1620, 1625 (செ.மீ⁻¹) பக்கம் எறங்கும், அத வெச்சு பீட்டா ஷீட்டுன்னு சொல்லிரலாம். கலவையில அத மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, ஆல்ஜினேட்டோட கார்பாக்சிலேட் 1600 பக்கம் பெருசா நிக்கும், ரெண்டும் தோளோட தோள் ஒரசிக்கிட்டு இருக்கறதால எது எறங்குச்சுன்னே தெரியாது. அமைடு ரெண்டு 1540லேர்ந்து 1515, 1520க்கு வர்றதயும், 1265 பக்கம் தோள் எழுறதயும் சேத்துப் பாத்தா நம்பிக்கையா சொல்லலாம்.

எனக்கு ரொம்ப புடிச்ச டெஸ்ட் பாஸ்பேட் பஃபர்ல (பிஎச் மாறாம வெச்சுக்குற உப்புக் கரைசல்) 37 டிகிரியில ஊறப் போடுறதுதான், மிஷினே வேண்டாம். வெறும் ஆல்ஜினேட் துண்டு அதுல ஊதி ஊதி மெத்துன்னு ஆயி இடுக்கியால தூக்க வராத நெலமைக்குப் போயிரும், பஃபர்ல இருக்குற சோடியம் கால்சியத்தோட எடத்துல உக்காருது, பாஸ்பேட் வெளிய வந்த கால்சியத்த புடிச்சு திரும்ப விடாம வெச்சுக்குது. உடம்புக்குள்ளயும் சோடியமும் பாஸ்பேட்டும்தானே இருக்கு, அங்கயும் இதேதான் நடக்கும். சரிபாதி கலவை துண்டு அதே பஃபர்ல ஊதுது, கால்சியத்தயும் விடுது, ஆனா உருவம் அப்டியே நிக்குது, ஏன்னா அடியில தாங்குறது பட்டோட பீட்டா ஷீட்டு, அதுக்கு கால்சியம் தேவையே இல்ல. கலக்கறதுக்கு இவ்வளவு பாடுபடுறது இதுக்காகத்தான். பட்டு முக்கா பங்கு போட்ட துண்டு இன்னும் கெட்டி, ஆனா காஞ்ச நெலமையில விரலால அழுத்துனா உடையுது, தண்ணியும் மெதுவாத்தான் குடிக்குது. ஆல்ஜினேட் முக்கா பங்கு போட்டது தொட்டா சொகமா இருக்கு, பஃபர்ல தாக்குப்பிடிக்கல. நான் இப்போதைக்கு சரிபாதியிலேர்ந்து பட்டு அறுபது சதவீதம் வரைக்கும்தான் பண்றேன்.

ஒண்ணு நேரா சொல்லிரணும், இது காயத்து மேல எடுத்து வெக்கிற பொருள் இல்ல. கிருமி நீக்கம், எண்டோடாக்சின்ங்குற பாக்டீரியா நச்சு எல்லாம் தனியா பாக்கணும், அதுக்குன்னு லேபும் அனுமதியும் வேணும். செல் ஒட்டுறதுலயும் இந்தக் கலவைக்கு ஒரு கொறை இருக்கு, செல் கை புடிக்கிற ஆர்ஜிடிங்குற மூணு அமினோ அமில வரிசை மல்பெரி பட்டு ஃபைப்ராயின்லயும் இல்ல, ஆல்ஜினேட்லயும் இல்ல. டசர் பட்டுல இயற்கையாவே அது இருக்கு, ஆனா டசர் இந்த அஜிசாவா கரைசலுக்கு சுலபத்துல மசியாது. அதனால ஆல்ஜினேட்லயே ஆர்ஜிடி பெப்டைட ஒட்டுறது, இல்ல கொஞ்சம் ஜெலட்டின் சேக்குறதுன்னு போகணும், ஜெலட்டின வெச்சுத்தான் அடுத்து பாக்கப் போறேன்.

கடைசியா அலசுறது. கால்சியம் குளியலுக்கு அப்பறம் பேட்டரி தண்ணியில மாத்தி மாத்தி அலசி, பூட்டுல உக்காராம சும்மா ஒட்டிக்கிட்டு இருக்குற கால்சியம் குளோரைட எல்லாம் வெளியேத்திட்டுத்தான் திரும்ப காய வெக்கணும். கால்சியம் குளோரைடு காத்துலேர்ந்து ஈரத்த இழுத்து தானே தண்ணியாயிர்ற உப்பு, சித்திரையில பண்ணி எடுத்து வெச்சா ஒண்ணும் தெரியாது, ஐப்பசி அடைமழையில நம்ம ஊரு காத்துல இருக்குற ஈரத்துக்கு டப்பாவ தொறந்தா துண்டு பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு இருக்கும், ஓட்டையும் அமுங்கியிருக்கும். அலசுன தண்ணியில சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டா வெள்ளையா கலங்குற வரைக்கும் குளோரைடு இருக்குன்னு அர்த்தம், கலங்கறது நிக்கிற வரைக்கும் அலசி, காய வெச்சு, சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டர்ல (ஈரம் புகாத மூடுன பாத்திரம்) வெச்சிருக்கேன். இன்னும் எத்தனால் குளியல் போடாத துண்டுகள தனி டப்பாவுல வெச்சு மேல எழுதி ஒட்டுறேன், பட்டு வெறும் ஈரக்காத்துலயே மெல்ல மெல்ல பீட்டா ஷீட்டா மாறும், அத பதப்படுத்தாததுன்னு நெனச்சு எடுத்து ஒப்பிட்டா கணக்கே தப்பாயிரும்.